இன்னொரு மெசினில் ஓடாத கலியாணங்கள்

தவமலரக்கா திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம். வெளியே ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்குகிறது. அறை அரை இருட்டானதும் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு கதிரைகளை ஒட்டிப் போடுகிறார். நல்ல சோபா ஒன்று இருக்கிறது. ஆனால் சோடியாக வருகிறவர்களுக்கு அதில் இடமில்லை. "சாஞ்சுகொண்டு கலியாணம் பாக்கிறதோ? நிமிந்து இருங்கோ, மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி." நானும் மனைவியும் நிமிர்ந்து இருந்த பிறகு, றெக்கோடருக்கு மேலே இருக்கிற பிஸ்கட் பேணியைத் திறந்து, மஞ்சள் பூசிய அரிசியில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, கதிரைகளுக்குப் பின்னால் போய் நிற்கிறார்.

திரையில் ஓடுகிற எங்கள் கலியாண வீடியோவில் தாலி ஏறுகிற நேரத்தில் அந்த அரிசி எங்கள் தலையில் விழும். முதல் தரம் விழுந்தபோது, கவுன்சில் கட்டடத்தின் கூரை ஒருவழியாகக் கொட்டத் தொடங்கிவிட்டது என்று நினைத்து நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். திரும்பிப் பார்த்தால், அக்கா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தபடி நின்றார். "அறுகரிசி போட்டனான் தம்பி. அண்டைக்கு நான் வரேல்லைத்தானே." எங்கள் கலியாணம் கொழும்பில் நடந்தது. அக்கா எங்களை முதன்முதலில் கண்டது அதற்குப் பல வருடம் கழித்து, இந்த ஸ்ட்ரெதத்தில், மரக்கறிக் கடை வரிசையில். அன்றைக்கு அவர் எப்படி வந்திருக்க முடியும் என்று நான் கேட்கவில்லை. அவர் கணக்கில் அவர் கொஞ்சம் பிந்தி வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அக்காவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, வீட்டுக்குள்ளும் கழற்றாத கம்பளிச் சட்டை. லண்டனுக்கு வருவதற்கு முன் நீண்ட காலம் ஜேர்மனியில், டோட்முண்ட் நகரத்தில் இருந்தவர். அங்கே அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கிற நாட்களில் கூட்டித் துடைக்கிற வேலை. "கலியாணமெல்லாம் சனி ஞாயிறு. என்ரை வேலையும் சனி ஞாயிறு. என்னெண்டு போறது?" அழைப்பிதழ் வரும், ஆசை வரும், அவர் போகமாட்டார். அன்பளிப்பு யாரோ ஒருவருடைய கையில் போகும். ஒரு மாதம் கழிய அந்த வீட்டுக்காரர் வீடியோ கசெற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். வேலையால் வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், அக்கா அந்தக் கலியாணத்துக்குப் போவார். அரிசி எறிகிற பழக்கம் அங்கேதான் தொடங்கியது. அப்போது எறிந்தது தொலைக்காட்சியின் மேல். அவருடைய சொந்தக் கலியாணத்தைப் பற்றி ஒரேயொரு முறை பேச்சு வந்தது. "சரிவரேல்லை" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

றெக்கோடரும் ஜேர்மனியில் வாங்கியதுதான். தம்பியார் கூப்பிட்டு லண்டனுக்கு வந்தபோது உடுப்பையெல்லாம் பஸ்ஸின் வயிற்றுக்குள் போட்டுவிட்டு, இதை மட்டும் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். தம்பியார் பிறகு மில்டன் கீன்ஸ் பக்கம் போய்விட்டார். அக்காவும் மெசினும் இங்கேயே நின்றுவிட்டார்கள். காலையில் அக்கா ஒரு சோட்டீற்ஸ் சிற்றுண்டிக் கடையின் சமையலறையில் ரோல்ஸ் சுற்றுகிறார். பின்நேரங்கள் மெசினுக்கு உரியவை: எங்கள் சனம் கொண்டுவந்து தருகிற கலியாணக் கசெற்றுகளை டிவிடியில் பதிந்து கொடுப்பார்.

இளம் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது டிவிடியில் பதிகிற பெட்டி. அதன் வயிற்றுக்குள் கணினியில் இருப்பது போல ஒரு ஹாட் டிஸ்கும் இருக்கிறது. பழைய வீடியோ கசெற்றை ஓடவிட்டால் முதலில் அதை வயிற்றுக்குள் இறக்கிக்கொள்ளும். அங்கே வைத்து வேண்டாத இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை டிவிடியில் எழுதலாம். ஒரு காலத்தில் இதை வைத்திருந்தவர்கள் கார் வைத்திருந்தவர்களைப் போல நடந்தார்கள். இன்று செரிட்டிக் கடையில் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். ஆளியைப் போட்டால் இது உடனே எழும்பாது. ஒரு பெருமூச்சு விடும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு பக்கத்து வீட்டில் யாரோ தையல் மெசின் மிதிப்பது போல மெல்லிய சத்தம் ஒன்று தொடங்கும். அந்தச் சத்தம் தொடங்கியதும் எனக்குக் கண் செருகும். நித்திரையும் இல்லை, விழிப்பும் இல்லை. கலியாணங்கள் அதற்குள்ளே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

ஜேர்மனியில் வாங்கியதால் பெட்டி டொச் மொழியில்தான் பேசும். திரையில் நீலக் கட்டத்தில் ஏதாவது கேட்கும். அக்கா வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டுதான் பொத்தானை அமத்துவார். அவருக்கு ஒரு வினோதப் பழக்கம்: 'ஆம்' என்பதற்குத் தமிழில் 'ஓம்', 'இல்லை' என்பதற்கு டொச்சில் 'நைன்'. மரக்கறிக்காரனிடமும் அப்படித்தான். "இந்தக் கத்தரிக்காய் முத்தல். நைன்."

வெட்டுவதில் அவருக்கென்று சட்டங்கள் இருக்கின்றன. பந்தியில் சனம் சாப்பிடுகிற காட்சி முழுவதும் போய்விடும். "ஆக்களின்ரை வாயைப் பாத்துப் படம் எடுக்கிறதோ, அநியாயம்." வீடியோக்காரர் மணமக்களின் முகத்தை ரோசாப்பூவுக்குள் சுழற்றுகிற இடங்களும் போய்விடும். அழுகிற தாய்மாரை வெட்டமாட்டார். ஆனால் எதை வெட்டினாலும் ஹாட் டிஸ்கில் இருக்கிற முழுக் கலியாணத்தை மட்டும் அழிக்கமாட்டார். அந்த டிஸ்க் எப்போதோ நிறைந்துவிட்டது. நாடகத் தொடர் ஒன்றைப் பதிந்து தரச்சொல்லி யாரோ கேட்டதற்கு, "ஒரு நாடகத்துக்காக ஆரின்ரை கலியாணத்தை அழிக்கிறது, நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா பதிந்து கொடுத்த டிவிடிகள் வேறு எந்த மெசினிலும் ஓடுவதில்லை. எங்களுடையதை வீட்டில் போட்டோம். 'டிஸ்க் இல்லை' என்றது. கணினியில் போட்டோம், அதுவும் கையை விரித்தது. திருப்பிக் கொண்டுபோனால் அக்காவின் பெட்டியில் அழகாக ஓடுகிறது. எல்லோருக்கும் இதே கதை. இதற்கு எங்கள் சனம் தானாகவே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்து, அதை நம்பவும் தொடங்கிவிட்டது: ஜேர்மன் மெசினில் பதிந்தது இங்கிலாந்து மெசினில் ஓடாது. பிளக் ஓட்டை வேறு, கார் ஓடுகிற பக்கம் வேறு, டிவிடி மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஐரோப்பாவிலிருந்து மாறி வந்த ஒவ்வொருவரிடமும் இங்கே பொருந்தாத ஏதோ ஒன்று இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. அக்காவும் மறுத்துப் பேசவில்லை. "அதுக்கென்ன, இஞ்சை வந்து பாருங்கோவன்" என்றார்.

இப்படித்தான் கலியாண நாள் வந்தால் அக்கா வீட்டுக்குப் போவது என்ற வழக்கம் உண்டானது. கோயிலுக்குப் போய், ஒரு அருச்சனை செய்து, பிறகு டிவிடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சோடி சோடியாக அந்த மாடிப்படி ஏறுவோம். பெண்கள் சேலை கட்டித்தான் வரவேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கட்டித்தான் வருவார்கள். ரோல்ஸ் சூடாக இருக்கும், தேத்தண்ணி இருக்கும். பிறகு திரைச்சீலை மூடப்படும்.

அந்த அரை இருட்டில் நடப்பதைச் சொல்வது கஷ்டம். கசெற்றிலேயே நிறம் கொஞ்சம் வழிந்திருக்கும். சிவப்புச் சேலைகள் கரையில் புகைந்துகொண்டிருக்கும். முடி கறுத்த நான், அளவில் பெரிய தலைப்பாகையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறேன். பஸ்ஸின் வெளிச்சம் திரைச்சீலையில் ஒரு தரம் நகர்ந்து போகிறது. கொழும்பு மண்டபத்துக்குள்ளும் பஸ் போனது போல இருக்கிறது. பின்னால் அக்காவின் குரல்: "இப்ப அந்த நீலச் சட்டைப் பிள்ளை தண்ணி கேக்கும், பாருங்கோ." கேட்கும். "உங்கடை மாமா இண்டைக்கும் தூணோடதான் நிக்கிறார்." நிற்கிறார். அவர் செத்துப் பல வருடம். ஆனால் அந்த அறையில் அவர் இன்றைக்கும் நிற்பதில் எனக்கு ஒரு குழப்பமும் வந்ததில்லை. எல்லாம் முடிந்து அக்கா டிவிடியை வெளியே எடுக்கும்போது நீலக் கட்டம் ஒன்று வந்து எதையோ கேட்கும். "நைன்" என்று சொல்லி அமத்துவார். தட்டு வெளியே வரும்.

என்ன கேட்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் ஒருக்காப் பாக்கப் போறியளோ எண்டு கேக்குது தம்பி. அதுக்கு வேலையில்லை."

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் மகள் மிதுஷாவும் கூட வந்தாள். பள்ளிக்கூடத்தில் டொச் படித்தவள். நீலக் கட்டம் வந்து, அக்கா 'நைன்' சொன்னபோது அவள் முகம் சுருங்கியதைக் கண்டேன். படி இறங்கி றோட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அப்பா, இந்த டிஸ்க்கை மற்ற மெசினிலயும் ஓடுற மாதிரிச் செய்யட்டோ எண்டுதான் அது கேக்குது. அன்ரி ஒவ்வொரு முறையும் நோ சொல்லுறா."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இத்தனை வருடமும் எங்களையெல்லாம் ஏமாற்றியிருக்கிறாரே என்று கோபம் வந்தது. உண்மையான கோபம். திரும்பிப் போய்க் கேட்கப் போகிறேன் என்றேன். மனைவி சேலைத் தலைப்பிலிருந்து அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பேசாமல் வாங்கோ. ஓம் எண்டு அமத்தினால் ஆர் அந்தப் படியேறப் போகினம்?" கோபம் போன வழி தெரியவில்லை. மகளையும் வாய் திறக்கக்கூடாது என்று எச்சரித்தோம். அதற்குப் பிறகு இரண்டு முறை போய் நிமிர்ந்து இருந்து, அரிசி வாங்கி, 'நைன்' கேட்டு வந்தோம். ஒன்றும் தெரியாதது போல நடிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

பிறகு கலாவதியின் நாள் வந்தது. கலாவதியும் நிர்மலனும் குறொய்டனில் இருந்தவர்கள். கலாவதி என் மனைவியின் சிநேகிதி, நிர்மலன் அவள் கணவர். மகன் நியூசிலாந்தில் வேலை எடுத்துப் போய், பெற்றோரையும் கூப்பிட்டுவிட்டான். வீட்டை விற்று, சாமான்களைக் கொடுத்து முடித்து, போவதற்கு முந்தின ஞாயிறு டிவிடியோடு வந்தார்கள். கடைசித் தரம் என்பதால் எங்களையும் வரச்சொல்லியிருந்தாள். கலியாண நாளுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. ஆனாலும் சேலை கட்டியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் நடந்த கலியாணம் அது. கலாவதியின் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வருகிற இடம் ஒன்று அதில் உண்டு. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அவர் இறந்தபோது கலாவதிக்கு இங்கே இன்னும் வதிவிட விசாக் கிடைக்கவில்லை, போக முடியவில்லை. அந்த இடம் வந்ததும் அவள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். "அக்கா, இதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ." அக்கா நிறுத்தினார். தகப்பன் ஒரு காலைத் தூக்கியபடி திரையில் நின்றார்.

"கசெற்றும் பழுதாப் போச்சு, அப்பா நடக்கிறது உலகத்திலயே இதில மட்டும்தான் இருக்கு. அங்கை போய் இனி எதில பாக்கிறது? ஜேர்மன் மெசின் அங்கை எங்கை தேடுறது?" கலாவதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நிர்மலன் நிலத்தைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்க்கத் துணியவில்லை.

படம் மறுபடி ஓடியது. தாலி ஏறியது. அரிசி விழவில்லை. நான் திரும்பினேன். அக்கா மூடிய கையோடு அப்படியே நின்றார். எறிய மறந்துபோனார். நான் அறிய அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் டிவிடியை எடுக்கப் போனார். நீலக் கட்டம் வந்தது. வழக்கமான 'நைன்' வரவில்லை. பொத்தானுக்கு மேல் பெருவிரல் நின்றது. கீழே ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, புறப்பட்டுப் போனது. "ஓம்" என்றார் அக்கா, மெசினிடம். மிக மெல்லச் சொன்னார். பெட்டி பெருமூச்சு விட்டது. கிழட்டு மெசின், இடையில் நின்றால் டிவிடியே கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். முடியும் வரைக்கும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தட்டு வெளியே வந்தது.

"இந்தாங்கோ. இனி எங்கையும் ஓடும்."

"என்னெண்டு அக்கா?"

"ஓடும் எண்டு சொல்லுறன் பிள்ளை. அப்பாவை வடிவாப் பாருங்கோ."

கலாவதி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர்கள் போன பிறகு குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, திரும்பிப் பாராமலே அக்கா எங்களிடம் சொன்னார். "முதலில பயத்திலதான் நைன் அமத்தினனான். டோட்முண்டில ஒருக்கா ஓம் எண்டு அமத்தி, பிறகு அந்த டிவிடியில ஒண்டும் சேர்க்க ஏலாமல் போச்சு. பாதிக் கலியாணத்தோட குடுக்க வேண்டியதாப் போச்சு. பிறகு இஞ்சை நீங்கள் எல்லாம் வரத் தொடங்கினியள்." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "வாறியள்தானே எண்டு விட்டிட்டன். பிழைதான். உங்கடையையும் கொண்டு வாங்கோ. மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

சொல்லாமலே செய்தி பரவியது. கலாவதி வாட்ஸ்அப்பில் தகப்பன் நடக்கிற துண்டை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். ஒருவர் பின் ஒருவராக டிவிடியோடு வந்தார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் 'ஓம்' சொல்லிக் கொடுத்தார். ரோல்ஸும் கொடுத்தார். யாரும் குறை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். தேவை இல்லாத இடத்துக்கு லண்டனில் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது?

எங்கள் டிவிடியும் இப்போது வீட்டில் ஓடுகிறது. ஒருநாள் சமையலுக்கு நடுவே போட்டுப் பார்த்தோம். தலைப்பாகையோடு நான் வந்தபோது மிதுஷா போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். மாலை மாற்றுகிற நேரம் மனைவி அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போனாள். தாலி ஏறியதை யாரும் காணவில்லை. மாமா தூணோடு நின்றாரா என்றும் தெரியாது.

இந்த முறை கலியாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கோயிலால் வந்து சாறத்தைக் கட்டிக்கொண்டு படுக்கப் போனவனை மனைவி விடவில்லை. கட்டிய சேலையை அவள் மாற்றவில்லை. "இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ." எங்கே என்று நான் கேட்கவில்லை. அக்காவுக்கு முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. போன் எடுத்தால் அக்கா, கஷ்டப்படாதேங்கோ, நைன் என்பார்.

கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டு ஒரு அடி பின்னுக்குப் போனார். கையில் ரிமோட். பின்னால் அறை அரை இருட்டாக இருந்தது. திரைச்சீலை மூடியிருந்தது. ரோல்ஸ் மணத்தது. உள்ளே தையல் மெசின் சத்தம். ஹாட் டிஸ்கிலிருந்து ஏதோ ஒரு கலியாணம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து பார்த்தேன்: எங்களுடையது. திரையில் நாங்கள் எழுந்து மண்டபத்துப் பெரியவர்களின் காலில் விழுந்துகொண்டிருந்தோம். தாலி கட்டி முடிந்துவிட்டது. தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரைகள் இரண்டும் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. இரண்டிலும் மஞ்சள் அரிசி சிதறிக் கிடந்தது.

மனைவி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. குனிந்து, கதிரைகளில் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். ரிமோட்டை அமத்திக் கலியாணத்தைப் பின்னுக்கு, நான் தலைப்பாகையோடு மண்டப வாசலில் வந்து இறங்குகிற இடம் வரைக்கும், கொண்டுபோனார். எங்களை நிமிர்ந்து இருக்கச்சொல்லிக் கையால் காட்டிவிட்டு, மூடிய கையோடு கதிரைகளுக்குப் பின்னால் போய் நின்றார்.